ஆட்டமும் ஊதியமும்: ஜோனா லோமுவின் வாழ்க்கை

தமிழில் 'விளையாட்டு' என்னும் சொல்லும் 'தொழில்' என்னும் சொல்லும் ஒன்றுக்கொன்று எதிர்நிலையில் நிற்பவை. தொல்காப்பிய உரியியல் 'கெடவரல்', 'பண்ணை' என்னும் இரண்டையும் விளையாட்டுப் பொருளனவாகச் சுட்டுகின்றது. அவற்றுள் எதிலும் பொருளீட்டல் என்னும் கருத்து இல்லை. 'விளையாட்டாகச் சொன்னேன்' என்று இன்றும் நாம் கூறுவது, பயன் கருதாமல் சொன்னேன் என்னும் பொருளிலேயே. ஆகவே, 'தொழில்முறை விளையாட்டு வீரர்' என்று நாளிதழ்கள் எழுதும்போது அத்தொடருக்குள் ஒரு முரண் ஒளிந்திருக்கின்றது. கிரிக்கெட் வீரர்கள் கோடிகளுக்கு ஏலம் போவதைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு அம்முரண் இப்போது உறுத்துவதில்லை. ஆனால் ரக்பி என்னும் ஆட்டம் அந்த ஒரு முரணை முன்னிட்டே இரண்டாகப் பிளந்து, நூறாண்டுக் காலம் பிளந்தபடியே நின்றது. நூறாவது ஆண்டில் அப்பழைய விதி தகர்ந்தபோது உலகமே உற்றுநோக்கிய இளைஞர் ஒருவர் இருந்தார். அவருடைய வாழ்க்கையை நம் மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரக்பி நம்மிடையே அத்துணை அறிமுகமானதன்று. எனவே ஆட்டமுறையை முதலில் சுருங்கச் சொல்லிவிடுவோம். அணிக்கு 15 பேர். பந்து முட்டை வடிவினது. அதனைக் கையில் ஏந்தியே ஓடலாம். ஆயினும் தன் அணியினருக்குக் கையால் எறியும்போது பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் எறிதல் வேண்டும். முன்னோக்கி எறிதல் கூடாது. பந்தை ஏந்தி வருபவரை எதிரணியினர் கட்டிப் பிடித்து மண்ணில் வீழ்த்தலாம். இத்தனை தடைகளையும் கடந்து, எதிரணியின் எல்லைக்கோட்டிற்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிவிட்டால் அது 'டிரை' எனப்படும். அதற்கு 5 புள்ளிகள். ஆட்டம் 80 நிமிடம். பதினைவருள் எண்மர் முன்னணியினர், உடல் பருத்தவர், முட்டி மோதிப் பந்தை வென்று தருபவர். எழுவர் பின்னணியினர், மெலிந்த, விரைந்த உடலினர். அவருள்ளும் இரு ஓரங்களில் நிற்கும் 'விங்' ஆட்டக்காரரே எல்லாரினும் விரைந்து ஓட வல்லவர். பருமை ஓரிடம், விரைவு ஓரிடம் என்னும் இந்தப் பகுப்பை மாணவர்கள் மனத்திற்கொள்ளல் வேண்டும். நாம் சொல்லவிருக்கும் மனிதர் இப்பகுப்பையே பொருளற்றதாக்கியவர்.

இவ்வாட்டத்திற்கும் இந்தியாவிற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயர் நடத்திவந்த ரக்பிக் கழகம் 1878-ஆம் ஆண்டளவில் கலைக்கப்பட்டது. கழகத்தின் கணக்கிலிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பையாக்கி, அதனை இங்கிலாந்தின் ரக்பிச் சங்கத்திற்கு அன்பளிப்பாக அனுப்பினர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அக்கோப்பைக்காக ஆடிவருகின்றன. நம் ரூபாய் நாணயம் அவர்கள் கோப்பையானது ஒருபுறம் இருக்கட்டும்; கையிலிருந்த காசையும் காசாக வைத்திராமல் உருக்கிவிட்ட அச்செயல், காசுக்கும் ஆட்டத்திற்கும் உறவே கூடாது என்றிருந்த அக்கால மனப்பாங்கிற்கு நல்லதோர் அடையாளமாக நமக்குத் தோன்றுகின்றது.

அம்மனப்பாங்கு எல்லார்க்கும் உகந்ததாக இல்லை. வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவருட் பலர் நெசவாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்தவர். சனிக்கிழமை ஆட்டத்திற்குச் சென்றால் அவருக்கு அந்நேரத்துக் கூலி போயிற்று. இழந்த கூலிக்கு மட்டும் ஈடு தாருங்கள் என்று வடபுலக் கழகங்கள் கேட்டன. தென்புலத்துக் கனவான்கள் மறுத்தனர். 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்பீல்டு நகரத்து விடுதியொன்றில் கூடிய இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் தனியே பிரிந்தன. அப்பிரிவே பிற்காலத்தில் 'ரக்பி லீக்' என்னும் தனி ஆட்டமாயிற்று. அங்கே அணிக்கு 13 பேர், ஊதியமும் உண்டு. பழைய ஆட்டம் 'ரக்பி யூனியன்' என்னும் பெயரோடு ஊதியமின்றித் தொடர்ந்தது. ஊதியம் பெற்று லீக் ஆடியவர் எவரும் யூனியனுக்குத் திரும்பலாகாது என்று தடையும் விதிக்கப்பட்டது.

இத்தடை எத்துணைக் கடுமையானது என்பதற்கு ஒரு சான்று போதும். இங்கிலாந்து அணியின் தலைவராக விளங்கிய பில் போமண்ட், காயத்தால் 1982-இல் ஆட்டத்தைத் துறந்தபின் தம் வரலாற்றை நூலாக எழுதினார். நூலுக்குரிய ஊதியத்தைத் தாமே வைத்துக்கொண்டார் என்பதற்காக அவர் 'தொழில்முறையாளர்' என்று முத்திரையிடப்பட்டு, ஆட்டத்தின் நிருவாகத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். அதே போமண்ட் 2016 முதல் 2024 வரை உலக ரக்பி அமைப்பின் தலைவராக வீற்றிருந்தார் என்பது காலத்தின் விளையாட்டு. ஊதியம் பெறாமல் ஆடுவதே உயர்வு என்னும் கொள்கையை வகுத்தவர், அடுத்த வேளை உணவைப் பற்றி எண்ண வேண்டாதவராகவே இருந்தனர் என்பது நம் துணிபு. உழைத்து உண்பவன் ஓய்வு நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிட இயலாதவன். அவனிடம் 'பயன் கருதாமல் ஆடு' என்று அறிவுரை கூறுவது எளிது.

இனி நம் கதைத் தலைவரிடம் வருவோம்.

ஜோனா லோமு 1975 மே 12 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பகுதியில் பிறந்தார். பெற்றோர் பசிபிக் பெருங்கடலில் உள்ள டோங்கா தீவுநாட்டினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நியூசிலாந்தின் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது, டோங்கா, சமோவா முதலிய தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்குச் சென்று குடியேறினர். எழுபதுகளில் பொருளாதாரம் சரியவே, வரவேற்ற நாடே அவர்களைச் சுமையெனக் கருதத் தலைப்பட்டது. விடியற்காலையில் தீவினரின் வீடுகளில் காவலர் புகுந்து, அனுமதிக் காலம் முடிந்து தங்கியோரைத் தேடிப் பிடித்தனர். 'விடியற்காலைச் சோதனைகள்' என்று அந்நாட்டு வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட அக்கொடுமைக்கு நியூசிலாந்து அரசு 2021-இல்தான் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அச்சோதனைகள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேதான் லோமு பிறந்தார். பின்னாளில் அந்நாடு தன் பெருமிதச் சின்னமாக உலகெங்கும் காட்டிக்கொண்ட முகம், அவ்வாறு கதவு தட்டப்பட்ட மக்களிடமிருந்து வந்த முகம்.

குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி டோங்காவில் உறவினர் வீட்டில் கழிந்தது. பின்னர்த் தெற்கு ஆக்லாந்திற்குத் திரும்பினார். ஏழைத் தொழிலாளர் வாழும் அப்பகுதியில் இளைஞர் கும்பல்களின் மோதல் மிகுதி. அம்மோதல்களில் நெருங்கிய உறவினரையே அவர் இழக்க நேர்ந்தது. வீட்டிலும் அமைதியில்லை. தந்தையின் குடியையும் அடியையும் பற்றி லோமு பிற்காலத்தில் மறைக்காமல் பேசியிருக்கின்றார். மகன் இத்தெருவிலேயே அழிந்துவிடுவான் என்று அஞ்சிய தாய், அவரை வெஸ்லி கல்லூரி என்னும் விடுதிப் பள்ளியில் சேர்த்தார். ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று பள்ளித் தடகளத்தில் எதிலும் அவரே முதல்வராக வந்தார். ரக்பியில் முதலில் முன்னணி ஆட்டக்காரராகத்தான் ஆடினார்.

தந்தையோடு அவருக்கிருந்த மனவேறுபாடு நெடுங்காலம் நீடித்தது. இவ்விடத்தில் தமிழ் பயில்வோர்க்குப் புறநானூற்றின் எண்பதாம் பாடல் நினைவுக்கு வராமற் போகாது. தந்தை தித்தனோடு பகைத்துப் பிரிந்து வாழ்ந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனை மற்போரில் வீழ்த்திய காட்சியைப் பாடிய சாத்தந்தையார், அன்பு செய்தாலும் செய்யாவிட்டாலும் அத்தந்தை இதைக் காண வேண்டுமே என்று ஏங்குகின்றார். வெற்றி பெற்ற மகனைப் பாடவந்த புலவர்க்குக் கண் சென்ற இடம், அங்கே இல்லாத தந்தை. கடல் கடந்த ஓர் ஆட்டக்காரர் வாழ்வில் ஈராயிரம் ஆண்டுக்குப் பின் அதே நிலை அமைந்தது கண்டு நாம் வியக்கின்றோம்.

1994 ஜூன் 26 அன்று கிறைஸ்ட்சர்ச்சு நகரில் பிரான்சுக்கு எதிராக லோமு நியூசிலாந்தின் கருஞ்சட்டை அணியில் இடம்பெற்றார். 'ஆல் பிளாக்ஸ்' எனப்படும் அவ்வணிக்காகப் பன்னாட்டு ஆட்டம் ஆடியவருள் அவரே மிக இளையவர். அன்று அவருக்கு வயது 19 ஆண்டு 45 நாள். முன்னணி ஆட்டக்காரரின் உடலோடு அவரை ஓரத்து 'விங்' இடத்தில் நிறுத்தினர். உயரம் 196 செ.மீ.; எடை ஏறத்தாழ 120 கிலோ; எனினும் 100 மீட்டரை 11 நொடிக்குள் ஓடுவார். ஆயினும் அந்த ஆட்டத்திலும் அடுத்த ஆட்டத்திலும் நியூசிலாந்து தோற்றது, இளைஞர் இடமறிந்து நிற்கத் தெரியாமல் தடுமாறினார், அணியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்கான பயிற்சியிலும் மற்றவரைவிட விரைவில் களைத்துப் போனார். சோம்பல் என்று சிலர் பேசினர். அக்களைப்பு வேறொன்றின் அறிகுறியாகவும் இருந்திருக்கலாம் என்று இன்று பின்னோக்கி எண்ணுங்கால் நமக்குத் தோன்றுகின்றது.

1995 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவில் நடந்தது. நிறவெறி ஆட்சி ஒழிந்து ஓராண்டே ஆகியிருந்த காலம். ஜூன் 18 அன்று கேப்டவுனில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த அரையிறுதி ஆட்டம், ரக்பியைப் பற்றி ஏதும் அறியாதவரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் இடப்பக்க ஓரத்தில் லோமுவுக்குப் பந்து கிடைத்தது. தமக்கெதிரே நின்ற டோனி அண்டர்வுட்டைச் சுற்றிக் கடந்தார். பின்னாலிருந்து அணித்தலைவர் வில் கார்லிங் காலைத் தட்டிவிட, சற்றே தடுமாறினார், விழவில்லை. எதிரே எஞ்சியிருந்தவர் கடைக்காவலர் மைக் கேட். அவரைச் சுற்றிப் போகவும் லோமு முயலவில்லை. அவர்மீதே ஏறி மிதித்துக் கடந்து பந்தை ஊன்றினார். அன்று அவர் அடித்தவை நான்கு டிரைகள். நியூசிலாந்து 45-29 என வென்றது. எதிரியை ஏமாற்றி விலகிச் செல்வதே ஓரத்து ஆட்டக்காரரின் கலை என்று அதுவரை கருதப்பட்டு வந்தது. அன்றைக்குப் பிறகு அக்கருத்து செல்லவில்லை. பின்வந்த தலைமுறையின் ஓரத்து ஆட்டக்காரர்கள் அவரைப் போன்றே பருத்த உடலினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

ஆறு நாள் கழித்து ஜோகன்னஸ்பர்க்கில் இறுதி ஆட்டம். நெல்சன் மண்டேலா, கறுப்பின மக்கள் நெடுங்காலம் வெறுத்துவந்த தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டையை, அணித்தலைவரின் 6-ஆம் எண்ணோடு, தாமே அணிந்து வந்தார். அந்நாட்டு வீரர்கள் லோமுவை ஓரிருவராகவும் மூவராகவும் கூடிக்கூடி வீழ்த்தினர். அவரால் ஒரு டிரையும் அடிக்க இயலவில்லை. கூடுதல் நேரத்தில் 15-12 எனத் தென்னாப்பிரிக்கா வென்றது. தம் வாழ்நாளில் அந்நாட்டிற்கு எதிரான பன்னாட்டு ஆட்டம் எதிலும் லோமு டிரை அடித்ததில்லை. உலகக் கோப்பையையும் அவர் வென்றதில்லை. ஒப்பற்ற ஆட்டக்காரர் என்று போற்றப்பட்டவர் வாழ்வில் இவ்விரு வெற்றிடங்களும் அப்படியே இருந்துவிட்டன.

அவ்வாட்டத்திற்கு முந்திய நாள், 1995 ஜூன் 23 அன்று, களத்திற்கு வெளியே ஒன்று நடந்தது. தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டு ரக்பிச் சங்கங்களும் ரூபர்ட் முர்டாக்கின் நிறுவனத்திற்குப் பத்தாண்டுத் தொலைக்காட்சி உரிமையை ஏறத்தாழ 55 கோடி அமெரிக்க டாலருக்கு விற்றுவிட்டதாக அறிவித்தன. இத்தொகை ஏன் தேவைப்பட்டது? அப்போது ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆட்டத்தைக் கைப்பற்ற இரு தொலைக்காட்சிச் செல்வர்கள் போட்டியிட்டுக்கொண்டிருந்தனர். வீரர்களின் விலை நாளுக்கு நாள் ஏறியது. யூனியன் ஆட்டக்காரர் கூட்டங்கூட்டமாக அங்கே போய்விடுவர் என்று சங்கங்கள் அஞ்சின. மறுபுறம், கெர்ரி பாக்கரின் பின்துணையோடு உலகின் தலைசிறந்த வீரர் அனைவரையும் மொத்தமாக ஒப்பந்தம் செய்துகொள்ள மற்றொரு குழு மறைவில் முயன்றது. 1977-இல் கிரிக்கெட்டைக் கலக்கிய அதே பாக்கர்தான். சில வாரம் எப்பக்கம் சாயும் என்று தெரியாமலிருந்து, இறுதியில் வீரர்கள் தத்தம் சங்கங்களோடு ஒப்பமிட்டனர். ஆகஸ்டு இறுதியில் பாரிசில் கூடிய பன்னாட்டு வாரியம், இனி ரக்பி யூனியனில் ஊதியம் வழங்கலாம் என்று அறிவித்தது. ஹடர்ஸ்பீல்டுப் பிரிவின் நூற்றாண்டு நிறைவதற்கு அப்போது எஞ்சியிருந்தவை ஒருசில நாட்களே.

லோமுவே ரக்பியைத் தொழிலாக்கினார் என்று எழுதுவோர் உளர். அது மிகை. ஒப்பந்தப் பேச்சு அவர் ஓட்டத்தைப் பார்த்தபின் தொடங்கியதன்று. ஆனால் விற்பனைக்கு வந்த பண்டத்திற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, அம்முகம் அவருடையதாயிற்று. காலணி நிறுவனம் அவர் பெயரை நாடியது. நியூசிலாந்தில் உணவுக்கடை ஒன்று அவர் பெயரால் பண்டம் விற்றது. 1997-இல் அவர் பெயரிலேயே கணினி விளையாட்டு வெளிவந்தது. லீக் கழகங்களும் அமெரிக்கக் கால்பந்து அணிகளும் பெருந்தொகையோடு அவரை அழைப்பதாக இதழ்கள் எழுதியவண்ணம் இருந்தன. அவர் போகவில்லை. கருஞ்சட்டையை விட்டுப் போக மனமில்லை என்பதே அவர் காட்டிய காரணம். தொழில்முறைக் காலத்தின் முதற்பெருஞ் செல்வர் எனப்பட்டவர், பழைய அன்பின் பொருட்டே அங்கே நின்றார் என்பது கருதத்தக்கது.

விலை உச்சியில் நின்ற அந்த ஆண்டின் இறுதியிலேயே மருத்துவர்கள் அவர் உடலில் ஒரு நோயைக் கண்டறிந்தனர். அது 'நெப்ராட்டிக் சிண்ட்ரோம்' எனப்படும் சிறுநீரகக் கோளாறு. சிறுநீரகத்துள் இலட்சக்கணக்கான நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை குருதியிலுள்ள கழிவை மட்டும் வெளியேற்றி, உடலுக்கு வேண்டிய புரதத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். இந்நோயில் அவ்வடிகட்டிகள் பழுதுற்றுப் புரதமும் சிறுநீரோடு ஒழுகிவிடுகின்றது. உடலில் நீர் கோத்து வீக்கம் காணும், களைப்பு நீங்காது, தொற்றுநோய்கள் எளிதில் பற்றும். எதிரே வந்த மூவரை உதறித் தள்ளிய உடலின் உள்ளே, கண்ணுக்குப் புலப்படாத சல்லடை கிழிந்துகொண்டிருந்தது.

வலுவான மருந்துகளால் நோயை அடக்கிக்கொண்டு ஆடினார், 1997-இல் பெரும்பகுதி ஆட்டங்களை இழந்தார், மீண்டும் வந்தார். 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில், எழுவர் ஆடும் குறு ரக்பியில் நியூசிலாந்து தங்கம் வென்றபோது அவ்வணியில் இருந்தார். 1999 உலகக் கோப்பையில் 8 டிரைகள் அடித்தார். அரையிறுதியில் அவர் இரண்டு டிரைகள் அடித்தும் பிரான்சிடம் 43-31 என அணி தோற்றது. 2000 ஜூலை 15 அன்று சிட்னியில், 109,874 பேர் அமர்ந்து பார்த்த ஆட்டத்தில் நியூசிலாந்து தொடக்கத்திலேயே 24-0 என முந்த, ஆஸ்திரேலியா இடைவேளைக்குள் சமன்செய்தது. இறுதிக் கணங்களில் லோமு கோட்டோரமாகச் சாய்ந்து ஓடி ஊன்றிய டிரையே 39-35 என வெற்றியைத் தந்தது. இதுவே இதுகாறும் ஆடப்பட்டவற்றுள் தலைசிறந்த ஆட்டம் என்பார் பலர். நோயுற்ற ஒருவர் அவ்வாட்டத்தை முடித்துவைத்தார் என்பதைப் பார்த்தவருள் எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

2002 நவம்பரில் கார்டிப் நகரில் வேல்சுக்கு எதிராக ஆடியதே அவருடைய கடைசிப் பன்னாட்டு ஆட்டம். மொத்தம் 63 ஆட்டம், 37 டிரை. அப்போது அவருக்கு வயது 27. ஊதியம் பெறும் ஆட்டக்காரர் பலர் தம் உச்சத்தை எட்டும் வயது அது.

2003 மே மாதத்தில், வாரம் மும்முறை 'டயாலிசிஸ்' என்னும் குருதித் தூய்மிப்புச் செய்துகொள்வதாக அவரே அறிவிக்க நேர்ந்தது. இச்சிகிச்சையில் நோயாளியின் குருதி குழாய் வழியே இயந்திரத்திற்குச் சென்று, கழிவு நீங்கி மீண்டும் உடலுக்குள் வருகின்றது. ஒவ்வொரு முறையும் பல மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நம் ஊர்களிலும் இன்று இதற்காக மருத்துவமனை வாயிலில் காத்திருப்போரைக் காணாத குடும்பம் அரிது. லோமுவுக்கு இதனோடு கால் நரம்புகளும் பழுதுற்றன. பாதம் தரையில் படுவதே தெரியவில்லை, நடக்கவே தடுமாறினார். மாற்றுச் சிறுநீரகம் விரைவில் கிடைக்காவிட்டால் சக்கர நாற்காலிதான் என்று மருத்துவர் எச்சரித்தனர்.

2004 ஜூலையில் அது கிடைத்தது. தந்தவர் கிராண்ட் கெரிமா என்னும் வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர், லோமுவின் நண்பர், உறவினரல்லர். கோடிக்கணக்கில் விலைபேசப்பட்ட ஓர் உடலுக்கு, எந்த ஒப்பந்தமும் வாங்கித் தர இயலாத உறுப்பை ஒருவர் விலையின்றிக் கொடுத்தார். பழைய கனவான்கள் 'பயன் கருதாமை' என்று களத்தில் வலியுறுத்திய சொல்லுக்கு இங்கேதான் நேரான பொருள் விளங்குகின்றது என்று நாம் கருதுகின்றோம்.

மாற்றுறுப்பைப் பெற்றவர் வீட்டில் ஓய்ந்திருப்பார் என்றே எவரும் எண்ணுவர். லோமு மீண்டும் ஆடப் புறப்பட்டார். உடல் அயலுறுப்பைப் புறந்தள்ளாதிருக்க நாள்தோறும் மருந்து. அம்மருந்து உடலின் எதிர்ப்பாற்றலையே தாழ்த்தும். வயிற்றில் ஓர் அடி தவறிப் பட்டாலும் உயிருக்கு இடர். இத்தனையும் அறிந்தே 2005 ஜூனில் இலண்டன் டுவிக்கன்ஹாம் களத்தில் ஒரு சிறப்பாட்டத்தில் இறங்கி டிரை அடித்தார்; அதே ஆட்டத்தில் தோளையும் காயப்படுத்திக்கொண்டார். அவ்வாண்டு இறுதியில் வேல்சின் கார்டிப் கழகத்தில் சேர்ந்தார். 2006-இல் தாய்நாட்டில் நார்த் ஹார்பர் அணிக்கு ஆடினார். ஆயினும் பழைய விரைவு திரும்பவில்லை. 2007 உலகக் கோப்பைக்குச் செல்லும் கனவும் கைகூடவில்லை. பின்னர்ப் பிரான்சில் தாழ்நிலைக் கழகமொன்றில் சிறிது காலம் ஆடியதோடு எல்லாம் முடிந்தது. இம்முயற்சியை வீண் பிடிவாதம் என்பாரும் உண்டு. ஒருவர் தந்த கொடையை இவ்வாறு இடருக்கு உள்ளாக்கலாமா என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால், ஓடுவதன்றி வேறெதனையும் தொழிலாகக் கல்லாத ஒருவரிடம், முப்பது வயதில் 'இனி ஓடாதே' என்றால் அவர் எங்குச் செல்வார் என்பதையும் உடன்வைத்தே அவ்வினாவைக் கேட்டல் வேண்டும். 1995-க்கு முன் ஆடிய கருஞ்சட்டை வீரர் வேளாளராகவோ ஆசிரியராகவோ காவலராகவோ இருந்தார். ஆட்டம் போயினும் அவருக்குத் தொழில் இருந்தது. ஊதியம் வந்தபின் ஆட்டமே தொழிலாயிற்று. இது பழைய முறைக்கு நாம் தரும் சான்றிதழ் அன்று. புதிய முறையில் எவரும் முன்கூட்டிக் கணக்கிடாத ஒரு செலவு.

அந்தச் சிறுநீரகம் ஏழாண்டளவு உழைத்தது. 2011-இல் ஆக்லாந்தில் உலகக் கோப்பைத் தொடக்க விழாவில் அவர் தோன்றினார். சில நாட்களில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மாற்றுறுப்பும் செயலிழந்து, மீண்டும் குருதித் தூய்மிப்புத் தொடங்கிற்று. இதற்கிடையே மணமாகி இரு ஆண்மக்கள் பிறந்திருந்தனர். சிறுநீரக நோயுற்ற குழந்தைகளுக்காகப் பணிபுரியும் அமைப்பிற்குப் புரவலராகவும் விளங்கினார். 2015 உலகக் கோப்பையின்போது இங்கிலாந்தில் விளம்பர நிகழ்ச்சிகள் பலவற்றில் கலந்துகொண்டார். இடையிடையே அங்கேயும் சிகிச்சை. ஊதியத்தின் தேவை அப்போதும் ஓயவில்லை. இரண்டு உலகக் கோப்பைகளில் அவர் அடித்த 15 டிரைகளை அந்த அக்டோபரில்தான் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா சமன்செய்தார். சமன்செய்தாரேயன்றித் தாண்டவில்லை.

குடும்பத்தோடு துபாய் வழியாக ஊர் திரும்பிய லோமு, 2015 நவம்பர் 18 அன்று ஆக்லாந்தில் தம் இல்லத்தில் காலமானார். வயது 40. நவம்பர் 30 அன்று ஈடன் பார்க் களத்தில் நடந்த அஞ்சலியில் அவரோடு ஆடிய பழைய வீரர்கள் பேழையைச் சுமந்தனர். அவர் பயின்ற பள்ளியின் மாணவர்கள் 'ஹாக்கா' ஆடி வழியனுப்பினர்.

அதன்பின் மற்றொரு செய்தி வெளிவந்தது. ரக்பி தொழிலான காலத்தின் முதற்பெரும் பெயராக விளங்கிய அவர், தம் குடும்பத்திற்கு விட்டுச் சென்ற பொருள் மிகச் சிறிது. கையில் வந்ததைப் பிறர்க்கு ஈந்துவிடும் இயல்பினர் என்று அறிந்தோர் கூறினர். நியூசிலாந்து ரக்பி ஆட்டக்காரர் சங்கம் முன்னின்று, அவருடைய இரு மக்களின் கல்விக்கும் வளர்ப்பிற்கும் அறக்கட்டளை ஒன்றை நிறுவியது. பல நாட்டு இரசிகர்களும் உடன் ஆடியோரும் அதற்குப் பொருள் அனுப்பினர். சிறுவருள் மூத்தவருக்கு அப்போது ஆறு வயது, இளையவருக்கு ஐந்து.